ஊரப்பாக்கத்து முள்காட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

நியூசிலாந்து போவதற்கு முன்னால் காட்டில் நடந்து பழகிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் மகள் ஹெப்சி சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவள் அங்கே குடியேறிச் சில வருடங்கள் ஆகின்றன. வருகிற மே மாதம் நானும் அவள் அப்பாவும் முதல் முறையாகப் போகிறோம். அந்த ஊரில் சனி, ஞாயிறு என்றால் ஜனங்கள் கடைகண்ணிக்குப் போகாமல் காட்டுக்குள் நடக்கக் கிளம்பிவிடுவார்களாம். மூட்டை முடிச்சோடு, குழந்தை குட்டியோடு. "சும்மாவா நடப்பாங்க, ஏதாவது விறகு கிறகு எடுத்துட்டு வருவாங்களா?" என்று கேட்டேன். ஹெப்சி அங்கேயிருந்து தலையில் அடித்துக்கொண்டது வீடியோவில் நன்றாகத் தெரிந்தது.

அங்கே மரத்துக்கு மரம் அம்புக்குறி அடித்து வைத்திருப்பார்கள் என்றாள். அப்படியும் வழி தவறிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒன்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களாம். "தொலைஞ்சிட்டோம்னு தெரிஞ்சா உடனே உக்காந்துடணும்மா. நடக்க நடக்க இன்னும்தான் தொலைஞ்சு போவோம்" என்றாள். நான் இருப்பது அஸ்தினாபுரத்தில். குரோம்பேட்டைத் துணிக்கடையில் தவிர வேறெங்கும் தொலைந்ததில்லை. கேட்டு வைத்துக்கொண்டேன்.

என் கணவர் சாமுவேல் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் யாரிடமும் வழி கேட்கமாட்டார். கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்பது அவர் கட்சி. திருமணமான புதிதில் என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போய், மலைக்கோட்டை கண்ணெதிரே நிற்க, அதைச் சுற்றி ஒரு மதியம் முழுக்க நடக்கவைத்தவர். நான் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தேன். எனக்கு வாய் இருக்கிறது, கேட்டுவிடுவேன். அதில்தான் எங்களுக்குள் பாதிச் சண்டை.

முதல் நாள் செம்பாக்கம் ஏரிக்கரை. புது ஷூ இரண்டு பேர் காலையும் கடித்தது. ஏரிக்கரையில் காலை நேரத்தில் நடக்கிறவர்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் போலிருக்கிறது. புதிதாக வந்த எங்களை நிறுத்தி விசாரித்தார்கள். நியூசிலாந்து என்றதும் ஒருவர் அங்கே ஆடு அதிகம் என்று தகவல் சொன்னார். திரும்பும் வழியில், எங்கள் தெருவுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் கோவளத்து அம்மா ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது தவநாட்களான லெந்தில் நாங்கள் மீன் வாங்கமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஷூவைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வயசு காலத்துல போலீஸ்ல சேரப் போறீங்களா?" என்றார். ஈஸ்டருக்கு வஞ்சிரம் எடுத்துவருவதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

இரண்டாம் நாள் பரங்கிமலைப் படிகள். லெந்து நாட்கள் என்பதால் படிக்குப் படி ஜனம். முழங்காலில் ஏறுகிறவர்கள், ஜெபமாலை உருட்டுகிறவர்கள் நடுவே, நாங்கள் மட்டும் கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினோம். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மேலே நின்று பார்த்தால் விமானம் நம் கால் மட்டத்தில் இறங்குகிறது. கீழே வந்து பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். அவர் சர்க்கரை இல்லாத காபி. நாற்பது நாளும் இனிப்பைத் தொடுவதில்லை என்பது அவருடைய பொருத்தனை.

இந்த இடத்தில் எங்கள் பொருத்தனைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் லெந்து வந்தால் ஆளுக்கொன்றை விட்டுவிடுவார்கள். சிலர் கறி மீன், சிலர் சினிமா, சிலர் காபி. சாமுவேலுக்குச் சர்க்கரை வியாதி. அப்படிப்பட்டவர் இனிப்பை விடுவதில் என்ன தியாகம் என்று கேட்பீர்கள். வருடம் முழுக்க அவர் சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்னது. இறங்காத நாளிலும் ஒன்றிரண்டு காணாமல் போகும். கையில் இருந்தால் சோதனைக்கு உட்பட்டுவிடுவோம் என்று லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்றே பையைக் காலி செய்துவிட்டார். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

நான் விட்டது போன். வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் வரை தொடுவதில்லை என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடும் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஊரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு குன்றும் முள்காடும் இருக்கிறது, வங்கிக்காலத்தில் நிலக் கடனுக்குப் பார்வையிடப் போயிருக்கிறேன், எனக்கு வழி தெரியும் என்றார் சாமுவேல். வெயில் ஏறுவதற்குள் நடந்துவிட்டுக் கஞ்சிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. நாங்கள் ஏறிய ரயில் தாம்பரத்தோடு நின்றுவிட்டது. செங்கல்பட்டு வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் பூரி வாசனையை முகர்ந்துகொண்டு நின்றோம். உபவாசத்தின் முழு அர்த்தமும் அங்கேதான் விளங்கியது.

அவர் பார்வையிட்ட நிலமெல்லாம் இப்போது மூன்று மாடி, நாலு மாடி. வீடுகள் முடிந்த இடத்தில் காடு சட்டென்று ஆரம்பித்துவிட்டது. மரங்கள் நிற்கும் காடு இல்லை. ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம், காரை, களா, கற்றாழை, இடையிடையே பாறை. நடுவே ஆடுகள் போட்ட தடம். நன்றாகத்தான் இருந்தது. கௌதாரிகள் காலடியிலிருந்து ஓடின, ஒரு கீரி நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. ஹெப்சிக்கு அனுப்ப அவர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். நியூசிலாந்தில் என்ன பெரிய காடு, இதோ நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறதே என்று நானும் பேசினேன். காமெராவைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினேன்.

ஆட்டுத் தடத்தில் ஒரு சங்கடம். ஆடு ஊருக்குப் போகவேண்டும் என்று நடப்பதில்லை, தழைக்குத் தழை நடக்கிறது. திரும்பலாம் என்று பார்த்தால் ஒரு தடம் மூன்றாகப் பிரிந்திருந்தது. வலதுபக்கம் என்றார். இடதுபக்கம் என்றேன். வலதுபக்கம் போனோம். அது ஒரு கற்றாழைப் புதரில் போய் முடிந்தது.

கவலைப்பட எனக்குத் தோன்றவில்லை. ரயில் கூவுவது கேட்கிறது, ஜி.எஸ்.டி. ரோட்டின் லாரி ஹாரன் கேட்கிறது, இதிலே எங்கே தொலைவது? ஆனால் அந்தச் சத்தம் குன்றில் மோதி நாலு பக்கமும் கேட்டது. ரயில் ஒருமுறை முன்னால் கூவியது, அடுத்த முறை முதுகுக்குப் பின்னால். அவர் போனில் வரைபடத்தைத் திறந்தார். வெறும் பச்சைத் தாளில் நாங்கள் ஒரு நீலப் புள்ளியாக இருந்தோம். பக்கத்தில் ஒரு ரோடு தெரிந்தது. நேராக அதை நோக்கி நட என்றார். நேராக நடந்தோம், முள்ளைக் கையால் விலக்கிக்கொண்டு. கடைசியில் காலுக்குக் கீழே நிலம் இல்லை. கைவிட்ட கல்குவாரி. கிணறு போல வெட்டிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். ரோடு அதற்கு அந்தப் பக்கம் இருந்தது.

குவாரியைச் சுற்றிக்கொண்டு போகும்போது போன் அணைந்துவிட்டது. அவ்வளவு வீடியோ எடுத்தால் அணையாமல் என்ன செய்யும். என் போன் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கும்தான் வியர்த்தது, ஆனால் இது வேறு. உட்காருங்க என்றேன். எதற்கெடுத்தாலும் நொய் நொய் என்கிறாய் என்று எரிந்து விழுந்தார். பிறகு தானாகவே ஒரு பாறையில் உட்கார்ந்தார். கை நடுங்கியது. மாத்திரை போட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிடாத நாளில் சர்க்கரை மாத்திரை போடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். போட்டேன் என்றார். உபவாசம் ஆண்டவருக்கு, மாத்திரை டாக்டருக்கு, இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறாய் என்றார். அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். கைக்குட்டை மட்டும்தான் இருந்தது.

பயம் என்றால் என்ன என்று அந்தப் பையின் அடியில்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வருடம் கரும்பலகையில் குளுக்கோஸின் வாய்பாட்டை எழுதினவள். இப்போது ஒரு சிட்டிகை சர்க்கரைக்கு வழியில்லை. சுற்றிலும் பழம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். களாச் செடியில் பச்சைக் காய்கள் இருந்தன. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நாக்கு சுருண்டது. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு மிகவும் மரியாதையாக என்னைப் பார்த்தார்.

"மேடம், தாம்பரம் பஸ் இங்க நிக்குமா?"

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த மனிதர் வாழ்க்கையில் யாரிடமும் வழி கேட்டதில்லை. என்னங்க, நான்தான் ஸ்டெல்லா என்றேன். "அப்படிங்களா, நல்லதுங்க" என்று தலையை ஆட்டினார். வங்கியில் கவுன்ட்டருக்கு வரும் ஆட்களிடம் பேசுகிற குரல் அது.

தொலைந்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஹெப்சி சொன்னது ஞாபகம் வந்தது. நல்ல யோசனைதான். அங்கே உட்கார்ந்தால் தேடிக்கொண்டு வருவார்கள். நாங்கள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே, இவரை இங்கே விட்டுவிட்டு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். வாய்விட்டேதான் கேட்டேன். அவர் அதற்கு ஆமென் என்றார்.

வாயை மூடியதும் ஒரு சத்தம் கேட்டது. குக்கர்.

லாரி ஹாரன் மூன்று மைலுக்குக் கேட்கும். குக்கர் அப்படியில்லை. பக்கத்துத் தெருக் குக்கர்கூட நம் வீட்டுக்குக் கேட்காது. குக்கர் கேட்கிறது என்றால் கூப்பிடு தூரத்தில் ஒரு அடுப்பு இருக்கிறது, அடுப்படியில் ஒரு டப்பா சர்க்கரை இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் என்று பிடிப்பதற்குள் நின்றுவிட்டது. நான் அசையவில்லை. அரிசியானால் இன்னும் இரண்டு விசில் வரவேண்டும், பருப்பானால் அதற்கு மேலும் வரும். ஒரு பக்கமாகக் காதைக் கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவது வந்தது. குவாரிக்கு எதிர்ப்பக்கம், கீழே.

அவரை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். நல்லவேளை, முரண்டு பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத பெண்மணிக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது சத்தம் கொஞ்சம் வலப்பக்கம். திரும்பினேன். அதற்குப் பிறகு நின்றுபோனது. அடுப்பை அணைத்துவிட்டார்கள். காய்ந்த ஓடை ஒன்று குறுக்கே வந்தது, அதில் இறங்கி அதே பக்கமாகப் போனேன். இன்னொரு குக்கர் கேட்டது, வேறு குரல், சிறியது. பகல் சமையல் நேரம். வெள்ளிக்கிழமையில் சாம்பார் வைக்கிற அத்தனை வீட்டுக்கும் அன்றைக்கு நான் கடன்பட்டவள்.

ஓடை ஒரு மதில் சுவரில் முட்டி நின்றது. புதுச் சுவர், என்னைவிட இரண்டு மடங்கு உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. அந்தப் பக்கம் அடுக்குமாடி. குழந்தைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது. வாசல் எங்கே என்று தெரியவில்லை, சுவர் இரண்டு பக்கமும் முள்ளுக்குள் போயிற்று. அவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கண் சொருகியது.

மூன்றாவது மாடிப் பால்கனியில் ஒரு இளம்பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கத்திக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்து, "எந்த ப்ளாக் ஆன்ட்டி? கேட் வழியா வாங்க, என்ட்ரி போடணும்" என்றாள். சத்தம் கேட்டு உள்பக்கம் காவலாளியும் வந்துவிட்டார். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "யாரும்மா அது காட்டாண்ட? இன்னா வோணும்?"

"லோ சுகர்" என்றேன். "என் வீட்டுக்காரருக்கு லோ சுகர்."

அதற்கு மேல் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் ஊரில் அந்த இரண்டு வார்த்தைக்கு விளக்கம் தேவைப்படாது, வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பா இருக்கிறது. அந்தப் பெண் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே ஒட்டடைக் குச்சி ஒன்று எழுந்தது. அதன் நுனியில் ஒரு துணிப்பை. பைக்குள் சர்க்கரை கரைத்த தண்ணீர் பாட்டில். கண்ணாடிச் சில்லில் படாமல் காவலாளி அதை மெதுவாக என் கைக்கு இறக்கினார்.

நான் பாட்டிலை அவர் வாயில் வைத்தேன். ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாங்க. லெந்து. நான் இனிப்பு சாப்பிடறதில்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் எங்கள் சபை ஐயர் இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டார். கட்டின பெண்டாட்டி யாரென்று தெரியாது, பொருத்தனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆண்டவரைத் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை. "ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க குடிங்க" என்று தாடையை அழுத்திப் பிடித்து ஊற்றினேன். பாதி சட்டையில் போனது. பாதி உள்ளே போனது. பிறகு அவராகவே பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குத் தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நடுக்கம் நின்றது. பிறகு உதட்டில் நிறம் வந்தது. பிறகு என் காலைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, கால்ல என்ன இவ்வளவு ரத்தம்?"

குனிந்து பார்த்தேன். புடவை முழங்கால்வரை கிழிந்து, முள் கீறின இடமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. அதுவரை எனக்கு வலிக்கவே இல்லை. அப்புறம் வலித்தது, அழுதேன்.

காவலாளி இரண்டு ஏணி கொண்டுவந்து, ஒன்றைச் சுவரில் இந்தப் பக்கமாக இறக்கி, கண்ணாடிச் சில்லின் மேல் சாக்கு போட்டு, எங்களை உள்ளே ஏற்றினார். அந்தப் பெண் சாதமும் சாம்பாரும் தட்டில் போட்டுக் கையில் கொடுத்தாள். எந்த வீட்டுக் குக்கர் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சிரிப்பாளோ என்று விட்டுவிட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைச் சாயங்காலம் வரை படுக்கவைத்து, சர்க்கரை மறுபடி இறங்கவில்லை என்று பார்த்தபிறகுதான் விட்டார். இந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டாம், ஏறினதை மறுபடி இறக்கிவிடும் என்று எச்சரித்தார்.

அதனால் வீடு திரும்பும் ஆட்டோவில் எனக்கு நிம்மதி இல்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டலூர் தாண்டியதும், நான் யாரு சொல்லுங்க என்றேன். ஸ்டெல்லா என்றார். பெருங்களத்தூரில் மறுபடி கேட்டேன். ஸ்டெல்லா டீச்சர் என்றார், கொஞ்சம் சலிப்போடு. தாம்பரத்தில் வண்டி நெரிசலில் நின்றது. சாயங்கால வெயிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்து உலுக்கி, நான் யாரு என்று கேட்டேன்.

ஆட்டோக்காரருக்கே பொறுக்கவில்லை. "சார் நல்லாத்தான் கீறாரும்மா. நீ ஏன் சும்மா பேஜார் ஆவுற?" என்றார்.

சாமுவேல் கண்ணைத் திறந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில், நாலு பேர் முன்னால் என் கையைக்கூடத் தொட்டதில்லை அவர். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோக்காரருக்கும் பக்கத்து பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்களுக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

"என் பொண்டாட்டி."

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.